குட்டி ஹெலிகாப்டருக்கு எந்த பேட்டரி? நிக்கல் முதல் லிப்போ வரை ஓர் அலசல்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உள்ளங்கையில் உட்காரும் வி911 என்ற குட்டி ஹெலி முதல் 450 சைஸ் என்ற பெரிய ஹெலி வரை, பறப்பதற்கு லிப்போவை, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரியை, மிஞ்ச எதுவும் இல்லை. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடுக்கு இடம் ரேடியோவுக்குள், அதாவது கையில் பிடித்து ஓட்டும் ரிமோட்டுக்குள். 18650 என்ற உருளை வடிவ லித்தியம் அயான் செல் பெரிய ஹெலியின் நிதானமான ஹோவருக்கு (ஒரே இடத்தில் மிதந்து நிற்பதற்கு) ஆகும், இல்லாவிட்டால் மைதானத்தில் சார்ஜ் போடும் பெட்டிக்கு. இவ்வளவுதானே என்று கிளம்பிவிட வேண்டாம். பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் பேட்டரி வாங்கி ஏமாறுகிறவர்களும் லிப்போ என்று நம்பித்தான் வாங்குகிறார்கள். '3.7 வோல்ட் 500' என்று எழுதிய எல்லாமே ஹெலியைத் தூக்கிவிடாது.

விமானத்துக்கு இறக்கை இருக்கிறது. மோட்டார் கொஞ்சம் சுணங்கினாலும் மிதந்து இறங்கும். ஹெலி பறக்கும் ஒவ்வொரு விநாடியும் தன் மொத்த எடையையும் மோட்டாராலேயே தூக்கிப் பிடித்தாக வேண்டும். அதனால் பேட்டரியில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் கரன்ட்டாகக் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது. எக்ஸ்கே கம்பெனியின் கே110 ஹெலியை எடுத்துக்கொள்வோம். பேட்டரியோடு சேர்த்து சுமார் 50 கிராம். அதில் 1எஸ் (ஒற்றைச் செல்) 450 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) லிப்போ 12, 13 கிராம்தான். ஆறு நிமிடம் பறந்து 80 சதவீதம், அதாவது 360 எம்ஏஎச் தீர்ந்தால், சராசரியாக 3.6 ஆம்பியர் இழுத்திருக்கிறது என்று கணக்கு. அது 8சி, அதாவது கொள்ளளவு எண்ணான 0.45-ஐப்போல எட்டு மடங்கு ஆம்பியர். சராசரியே இவ்வளவு என்றால், காலெக்டிவ் பிட்சை (ரோட்டார் இறக்கைகளின் சாய்வுக் கோணத்தை) ஒரு தட்டு தட்டும்போது இதன் இரண்டு மூன்று மடங்கு கேட்கும். பேட்டரியை எடைபோட இந்த இரண்டு எண் போதும்: கிராம் எவ்வளவு, வோல்டேஜ் சரியாமல் எத்தனை ஆம்பியர் தரும். உறைமேல் பெரிதாக அச்சடித்திருக்கும் எம்ஏஎச்சைக் கடைசியில் பார்த்தால் போதும்.

நிக்கல் வகைகள்

நிக்கல் காட்மியம், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு இரண்டுமே செல்லுக்கு 1.2 வோல்ட். எலெக்ட்ரிக் ஹெலி முதலில் பறந்தது இவற்றில்தான். சப்-சி அளவு செல் ஒன்று 55 கிராம் அளவில் இருக்கும். எட்டு செல் கோத்தால் 9.6 வோல்ட், 440 கிராம். 1700 எம்ஏஎச் செல்லாக இருந்தால் கையில் இருப்பது 16 வாட்-மணி. இன்றைய 3எஸ் (மூன்று செல்) 2200 எம்ஏஎச் லிப்போ 180 கிராமில் 24 வாட்-மணி தருகிறது. இதற்குமேல் ஒப்பிட என்ன இருக்கிறது?

'லிப்போ பயமாக இருக்கிறது, ஏஏஏ ரீசார்ஜபிள் மூன்றைப் போட்டால் 3.6 வோல்ட்தானே' என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்று 12 கிராம், மூன்று 36 கிராம். கே110-இல் லிப்போவைக் கழற்றிவிட்டு இதைப் போட்டால் ஹெலியின் எடை ஒரேயடியாகப் பாதி கூடிவிடும். அதுபோக, மூன்றரை ஆம்பியர் இழுத்தால் ஒவ்வொரு செல்லும் 1.1 வோல்ட்டுக்குக் கீழே போய்விடும். ரோட்டார் சுற்றும், ஆனால் தரையை விட்டு எழாது.

ரேடியோவில் கதையே வேறு. அங்கே சில நூறு மில்லிஆம்பியர் போதும், எடையும் பிரச்சினை இல்லை. ஃப்ளைஸ்கை ஐ6 மாதிரி நான்கு ஏஏ கேட்கும் ரேடியோவுக்கு, தானாகச் சார்ஜ் இறங்காத நிக்கல் செல்தான் சரி. சான்யோ 2005-இல் எனிலூப் என்ற பெயரில் கொண்டுவந்த வகை இது. சாதா ஹைட்ரைடு செல் சும்மா வைத்தாலே முதல் மாதத்தில் கணிசமாக இறங்கிவிடும். இது ஒரு வருடம் கழித்தும் பெரும்பகுதியைத் தாங்கிக்கொண்டிருக்கும். கவனிக்க வேண்டியது இரண்டு. நான்கு செல் சேர்ந்து 4.8 வோல்ட்தான், சாதா பேட்டரி மாதிரி 6 வோல்ட் இல்லை. ரேடியோவின் எச்சரிக்கை மணியை மாற்ற முடிந்தால் 4.4-இல் வைக்கவும். சார்ஜ் போடும்போது ரொம்பக் குறைந்த கரன்ட் வைக்க வேண்டாம். நிக்கல் செல் நிறைந்ததும் வோல்டேஜ் லேசாக இறங்கும், அந்த இறக்கத்தைப் பார்த்துத்தான் சார்ஜர் நிறுத்துகிறது. 2000 எம்ஏஎச் செல்லுக்கு 200 மில்லிஆம்பியர் கொடுத்தால் அந்த இறக்கமே தெரியாது. சார்ஜர் விடிய விடிய ஊற்றிக்கொண்டிருக்கும். 1 ஆம்பியர் வைத்தால் சரியாகப் பிடித்துவிடும்.

காட்மியத்தை இனி புதிதாக வாங்க ஒரு காரணமும் இல்லை. நச்சு உலோகம், பாதியில் சார்ஜ் போட்டுப் போட்டுக் கொள்ளளவு குறைந்ததுபோல் ஆகும் நினைவு விளைவு வேறு. பழைய செட்டோடு வந்திருந்தால் பத்திரமாகக் கழித்துக்கட்டுங்கள்.

18650, லித்தியம் அயர்ன்

18650 லித்தியம் அயான் செல் 45 முதல் 48 கிராம். கே110 மொத்தமாகவே அவ்வளவுதான் என்பதால் 1எஸ் ஹெலிக்கு இந்தப் பேச்சே வேண்டாம். 450 சைஸில் மட்டும் யோசிக்கலாம். சாம்சங் 25ஆர் போன்ற 20 ஆம்பியர் செல் மூன்றைத் தொடராக இணைத்தால் 2500 எம்ஏஎச், கம்பி எல்லாம் சேர்த்து 145 கிராம் வரும். மேலே சொன்ன 2200 லிப்போவைவிட 30 கிராமுக்கு மேல் லேசு, கொள்ளளவும் அதிகம். நிதானமான ஹோவருக்கு 12 முதல் 15 ஆம்பியர் இழுக்கும் ஹெலியில் லிப்போவைவிடக் கூடுதல் நேரம் நிற்கும். ஆனால் அந்த 15 ஆம்பியரிலேயே பேக் கிட்டத்தட்ட 1 வோல்ட் சரிந்துவிடும். சடாரென்று பிட்ச் ஏற்றினால் ரோட்டார் வேகம் தொய்ந்து வால் திரும்பிக்கொள்ளும். தலைகீழாகப் பறக்கவிடும் ஆசை இருப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

எஸ்.பி. ரோட்டில் செல் வாங்கிக் கட்டுவதாக இருந்தால்: 4000-ஐத் தாண்டி எம்ஏஎச் எழுதிய 18650-ஐத் தொடவே தொடாதீர்கள். 9900 என்று எழுதி விற்பதும் உண்டு. உள்ளே எவ்வளவு இருக்கும் என்பது அந்தக் கடைக்காரருக்கே வெளிச்சம். அடுத்து நிக்கல் பட்டை. நிக்கல் பூசிய இரும்புப் பட்டையையும் நிக்கல் என்றே தருவார்கள். காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, நிக்கலும் ஒட்டும். ஒரு துண்டை நன்றாகச் சுரண்டி ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரில் போடுங்கள். காலையில் துரு ஏறியிருந்தால் இரும்பு. இரும்புப் பட்டையில் 15 ஆம்பியர் ஓடினால் பட்டை சுடும், வோல்டேஜும் அங்கேயே தொலையும். அசல் நிக்கலாக இருந்தாலும் 0.15 மில்லிமீட்டர் பட்டையை இரட்டையாகப் போடுவதுதான் நல்லது.

லித்தியம் அயர்ன் பாஸ்ஃபேட் (இரும்பு சேர்ந்த வகை, அயான் என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) நல்ல செல்தான், ஆயிரம் முறைக்குமேல் சார்ஜ் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது. ஆனால் செல்லுக்கு 3.3 வோல்ட்தான். மோட்டார் வேகம் வோல்டேஜைப் பொறுத்தது. தூக்கும் விசையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 3.7-க்குப் பதில் 3.3 கொடுத்தால் அதே பிட்சில் ஐந்தில் ஒரு பங்கு தூக்கும் விசை போய்விடும். ரேடியோ பேக்காகவோ ரிசீவர் பேக்காகவோ வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் 3.6 வோல்ட்டோடு நிற்க வேண்டும். லிப்போ சார்ஜரில் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

லிப்போ

இங்கேதான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

எஸ்.பி. ரோட்டில் சாம்பல் நிறத்தில், மேல் விளிம்பில் மஞ்சள் டேப் சுற்றி, சிவப்பு கறுப்பு மெல்லிய ஒயர் இரண்டு நீட்டிக்கொண்டு, 602030 என்று அச்சடித்த பை செல் எல்லாக் கடையிலும் கிடைக்கும். 6.0 மில்லிமீட்டர் தடிமன், 20 அகலம், 30 நீளம் என்பதுதான் அந்த எண். கொள்ளளவு சுமார் 300 எம்ஏஎச். ப்ளூடூத் ஸ்பீக்கருக்கும் ஜிபிஎஸ் பெட்டிக்கும் செய்தது. இதுவும் லித்தியம் பாலிமர்தான், கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் 1சி, மிஞ்சினால் 2சி-க்குத்தான் லாயக்கு. மஞ்சள் டேப்புக்கடியில் ஒரு பாதுகாப்பு போர்டு இருக்கிறது. ஹெலி கரன்ட்டை இழுத்த அடுத்த கணம் அது சப்ளையை வெட்டிவிடும். ஹெலி ஆன் ஆகும், விளக்கு எரியும், த்ராட்டில் கொடுத்ததும் செத்துப்போகும். 'புது பேட்டரி போட்டும் மோட்டார் ஓடவில்லை, ஹெலியின் போர்டு போய்விட்டதா' என்ற கேள்விக்குப் பல நேரம் பதில் இதுதான். பேட்டரியின் பாதுகாப்பு போர்டைக் கழற்றி எறிந்துவிட்டு செல்லை நேரடியாகப் பூட்டுவது விஷப்பரீட்சை. உள்ளே இருக்கும் செல் அவ்வளவு கரன்ட்டுக்கு ஆனதில்லை, இரண்டு மூன்று சுற்றிலேயே வீங்கிவிடும்.

ஹெலிக்கென்று விற்கும் பேக்கில் 20சி, 25சி, 35சி என்று எழுதியிருக்கும். 450 எம்ஏஎச் 25சி என்றால் 11 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் தர வேண்டும். அந்த எண்ணை யாரும் சோதித்து முத்திரை குத்துவதில்லை, எனவே நம்பிக்கை அளவோடு இருக்கட்டும். நம்மால் செய்யக்கூடிய சோதனை இரண்டு. முதலாவது எடை. 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். கரன்ட் தரும் லிப்போ 1000 எம்ஏஎச்சுக்கு 27 முதல் 30 கிராம் இருக்கும், ஒயர் கனெக்டர் உட்பட. 450 பேக் 13 கிராம் இருந்தால் நியாயம். '650' என்று எழுதிய பேக்கும் அதே 13 கிராம் இருந்தால், மாறியது உறை மட்டும்தான். இரண்டாவது உள் மின்தடை. செல்களைச் சமமாக நிரப்பும் நல்ல பேலன்ஸ் சார்ஜர்கள் இதைக் காட்டும். புது 1எஸ் 450 பேக்கில் 25 முதல் 40 மில்லிஓம், 2200 பேக்கில் செல்லுக்கு 4 முதல் 8. வாங்கிய அன்றே இந்த எண்ணைப் பேக்கின் மேல் மார்க்கரில் எழுதி வையுங்கள். அது இரண்டு மடங்கு ஆகும்போது பறக்கும் தெம்பு போய்விட்டது என்று அர்த்தம், கொள்ளளவு மிச்சம் இருந்தாலும்.

லிப்போ எச்வி என்று ஒரு வகை வருகிறது. 4.2-க்குப் பதில் 4.35 வோல்ட் வரை நிரப்பலாம். சார்ஜ் முழுதாக இருக்கும் முதல் நிமிடத்தில் தூக்கும் விசை 7 சதவீதம் போலக் கூடும்; ஹெலி துள்ளும். பிரஷ் இல்லாத மோட்டார் என்றால் பரவாயில்லை. வி911 போன்ற பிரஷ் மோட்டார் ஹெலியில் இது மோட்டாரின் ஆயுளைத் தின்னும். பிரஷ் தேய்ந்து, மோட்டார் சூடாகி, கடைசியில் மோட்டார் வாங்கக் கிளம்ப வேண்டியிருக்கும். சாதா லிப்போவை எச்வி மோடில் போடுவது மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது.

கனெக்டரில் கோட்டை விடுபவர்கள் ஏராளம். சின்ன 1எஸ் பேக்குகளில் வரும் ஜேஎஸ்டி பிஎச் கனெக்டருக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவு 2 ஆம்பியர்தான். நாம் அதில் மூன்று நான்கு ஓட்டுகிறோம். புதிதில் தாங்கும். நாற்பது ஐம்பது தடவை செருகிக் கழற்றியபின் உள்ளே இருக்கும் பின் தளர்ந்து, அந்த இடத்திலேயே வோல்டேஜ் விழும். பறந்து இறங்கியதும் கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். பேட்டரியைவிட அது சூடாக இருந்தால் குற்றவாளி அதுதான். பேட்டரி மாற்றிப் பயனில்லை. அதே பிஎச் கனெக்டரில் ஒரு கம்பெனி பாசிட்டிவை இடப்பக்கம் வைக்கும், இன்னொன்று வலப்பக்கம் வைக்கும். ஒயர் நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுச் செருகுங்கள். தலைமாறிச் செருகினால் போர்டு போவதற்கு ஒரு விநாடி அதிகம். 3எஸ் பக்கம் கவலை குறைவு: 250 சைஸுக்கு எக்ஸ்டி30, 450-க்கு எக்ஸ்டி60, முடிந்தது.

சார்ஜரும் டைமரும்

செட்டோடு வரும் யுஎஸ்பி சார்ஜரைச் சோதிக்காமல் நம்ப வேண்டாம். பச்சை விளக்கு வந்ததும் பேக்கை மல்டிமீட்டரில் பாருங்கள். 4.15 முதல் 4.20 வரை சரி. 4.25 காட்டினால் அந்த சார்ஜரைக் குப்பையில் போடுங்கள்.

சல்லிசான மாற்று, டிபி4056 சிப் வைத்த ஒற்றைச் செல் சார்ஜர் மாட்யூல். எஸ்.பி. ரோட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதில் ஒரு சிக்கல், எல்லா மாட்யூலும் 1 ஆம்பியருக்கு செட் செய்துதான் வரும். 450 பேக்குக்கு அது 2சி-க்கு மேல், 150 பேக்குக்கு அநியாயம். சிப்பின் இரண்டாவது காலில் இருந்து போகும், 122 என்று எழுதிய கடுகளவு ரெசிஸ்டர்தான் கரன்ட்டைத் தீர்மானிக்கிறது. அது 1.2 கிலோஓம். 1200-ஐ ஓம் மதிப்பால் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். அதைக் கழற்றிவிட்டு 3 கிலோஓம் போட்டால் 400 மில்லிஆம்பியர், 450 பேக்குக்கு அளவு. 10 கிலோஓம் போட்டால் சுமார் 120 மில்லிஆம்பியர், 150 எம்ஏஎச் குட்டிகளுக்கு ஏற்றது. இந்தச் சிப் 4.2-இல் நிற்கும் என்பதால் எச்வி பேக்கை இதில் போட்டால் முழுதாக நிறையாது, வேறு கெடுதல் இல்லை. அயர்ன் பாஸ்ஃபேட்டை மட்டும் போடவே கூடாது.

ஐந்தாறு 1எஸ் பேக் இருந்தால், எல்லாவற்றையும் பக்க இணைப்பில் ஒன்றாகச் சார்ஜ் போடும் பேரலல் போர்டு நேரத்தை மிச்சம் பிடிக்கும். ஒரே கொள்ளளவு, ஒரே வகை, பேக்குகளுக்கிடையே 0.1 வோல்ட்டுக்குமேல் வித்தியாசம் இல்லாமல் இருக்க வேண்டும். ஆறு 450 பேக் என்றால் சார்ஜரில் 1எஸ், 2.7 ஆம்பியர். ஒரு எச்வி பேக்கைத் தெரியாமல் கலந்துவிட்டால் அது 4.35-இல் இருந்துகொண்டு மற்றதுகளுக்குள் கரன்ட்டைத் தள்ளும். கட்டில் மேலோ மரமேஜை மேலோ சார்ஜ் போடாதீர்கள். டைல்ஸ் தரை, பக்கத்தில் எரியக்கூடிய எதுவும் இல்லாமல். பறந்து சூடாக இருக்கும் பேக்குக்குக் கால்மணி நேரம் ஓய்வு கொடுத்துவிட்டுப் போடுங்கள்.

டைமரைக் குத்துமதிப்பாக வைக்காமல் இப்படிக் கணக்குப் போடுங்கள். நான்கு நிமிடம் பறக்கவிட்டு இறக்கி, சார்ஜர் எத்தனை எம்ஏஎச் திருப்பி ஏற்றியது என்று பாருங்கள். 270 ஏறினால் நிமிடத்துக்கு 67.5. எண்பது சதவீதமான 360-ஐ இதால் வகுத்தால் 5.3. டைமர் 5 நிமிடம் 15 விநாடி. இறங்கிச் சற்று நேரம் கழித்து 3.7-க்குக் குறையாமல் நின்றால் கணக்கு சரி. அந்தக் கடைசி ஒரு நிமிடத்துக்கு ஆசைப்பட்டு இழுப்பதுதான் லிப்போ வீங்க முதல் காரணம். இரண்டாவது காரணம், முழுச் சார்ஜோடு ஏப்ரல் வெயிலில் ஸ்கூட்டி சீட்டுக்கடியில் விட்டுவிடுவது. இரண்டு நாளுக்குமேல் பறக்கப் போவதில்லை என்றால் 3.8 முதல் 3.85-க்குக் கொண்டுவந்துவிட்டு எடுத்து வையுங்கள்.

வீங்கிய பேக்கைக் குத்தவோ அமுக்கவோ வேண்டாம். 1எஸ் பேக்கின் ஒயரில் 10 ஓம், 5 வாட் செராமிக் ரெசிஸ்டரை மாட்டித் திறந்த வெளியில் வைத்துவிடுங்கள், 0.4 ஆம்பியர் இழுக்கும், 450 பேக் ஒன்றேகால் மணி நேரத்தில் பெரும்பாலும் காலி. மாட்டியபடியே ஒரு நாள் விட்டால் முழுதாகச் செத்துவிடும். உப்புத் தண்ணீர் வைத்தியத்தில் பேட்டரி காலியாகும் முன்பே தகடு அரித்து இணைப்பு அறுந்துவிடும். உள்ளே சார்ஜ் அப்படியே இருக்கும். அப்புறம் மாநகராட்சிக் குப்பை வண்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பில் கொடுக்க வேண்டும். 2022-இன் பேட்டரி கழிவு விதிகள்படி திரும்ப எடுத்துக்கொள்வது தயாரிப்பாளர், இறக்குமதியாளர் பொறுப்பு.

பெங்களூர்க் காற்று

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. ஹோவருக்கே சுமார் 5 சதவீதம் கூடுதல் பவர் வேண்டும். கடல்மட்டத்தில் ஆறு நிமிடம் என்று எழுதியவரின் பேக்கும் உங்கள் பேக்கும் ஒன்றாக இருந்தாலும் இங்கே ஆறு நிமிடம் வராது. எடை கூடிய பேக்கை மாட்டினால் சென்னையில் தெரியாத மந்தம் இங்கே தெரிவதும் இதனால்தான். கே110-இல் 450-க்குப் பதில் 600 மாட்டுகிறவர்கள் நான்கு கிராம் கூடுவதை மறந்துவிடுகிறார்கள்.

டிசம்பர், ஜனவரி விடியற்காலை 15 டிகிரியில் லிப்போவின் உள் மின்தடை ஏறிவிடும். எடுத்த எடுப்பில் பேக் சரிந்து, ஹெலி நேரத்துக்கு முன்பே எச்சரிக்கை காட்டும். மைதானம் போகும்வரை பேக்கைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தால் போதும்; முதல் முப்பது விநாடி ஹோவர் மட்டும் செய்துவிட்டு அப்புறம் விளையாடலாம்.

ஹெலியை எடுத்துக்கொண்டு சென்னைக்கு விமானத்தில் போவதாக இருந்தால் உதிரி லிப்போ எல்லாம் கைப்பையில்தான், கனெக்டர் முனைகளுக்கு டேப் ஒட்டி. செக்-இன் பெட்டியில் வைத்தால் எடுக்கச் சொல்வார்கள். அங்கே போய் இறங்கியதும் அதே பேக்குக்கு டைமரில் ஒரு 15 விநாடி கூட்டிக்கொள்ளலாம்.